அடைக்கலம் தூங்கவில்லை

எங்கள் ஊர்க் கண்மாய்த் தண்ணீரை வயல் வயலாகத் திருப்பிவிட்டவர் அடைக்கலம் அண்ணன்தான். இருபது வருசம். திருவரங்குளம் பக்கத்து ஊர்களில் மடைச் சண்டையில் மண்டை உடையும், எங்களூரில் உடைந்ததில்லை. மடையோரம் ஒரு கல் நட்டிருக்கும். பூவரச மரத்து நிழல் சாய்ந்து அந்தக் கல்லைத் தொட்டால் மேல்வயல் முறை முடிந்தது. வாய்க்காலை அடைத்துக் கடைமடைக்குத் திருப்ப வேண்டும். அவர் நிழலைத் தவறவிட்டதே கிடையாது.

அவர் மூன்றாவது வரை படித்தவர். நான் நாலாவது. ஊரில் துப்பறியும் நாவல் படிக்கிற ஆட்கள் நாங்கள் இரண்டு பேர்தான். புதுக்கோட்டைக்குப் போனால் பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கி, வேட்டி மடிப்பில் ஒளித்துக்கொண்டு வருவேன். துப்பறிகிறவர் எப்போதும் ஒருவரே. கொலை மட்டும் மாதத்துக்கு ஒன்று.

ஐம்பத்தேழாம் வருசம் மார்கழி. கண்மாயில் இன்னும் ஒரு நனைப்புக்குத்தான் தண்ணீர். நான் புது நாவலை முடித்திருந்தேன். கொலைகாரனைப் பற்றிப் பேச ஆள் இல்லாமல் வயிறு உப்பியது. நேரே மடைக்குப் போனேன்.

“இதை முடிச்சிருண்ணே. சாயங்காலம் பேசணும்.”

“முறைத் தண்ணி ஓடுதுடா. அங்கிட்டு வை.”

“நெழலு கல்லுக்கு வர இன்னும் எம்புட்டோ நேரம் கெடக்கு. ரெண்டு பக்கம் பாரு, கீழ வைக்க மாட்ட.”

வைக்கவில்லை. நிழல் கல்லைத் தாண்டிப் போனது. மேல்வயல் நிறைந்து, தண்ணீர் ஓடையில் விழுந்து வீணாய்ப் போனது. அவர் தலை தூக்கியபோது மடையில் சேறுதான். கடைமடையில் மூக்காயி வயல், கதிர் பால் பிடிக்கிற நேரம். அத்தனையும் பதராயிற்று.

கோயில் வாசலில் ஊர் கூடியது. ஊர்த் தலைமை பார்க்கிற அம்பலம் சோலையப்பன் என் மாமனார். அவர்தான் கேட்டார்.

“என்னப்பா செஞ்சே?”

“கண்ணசந்துட்டேன்.”

“பட்டப்பகல்லயா? பாய் தலகாணியோட போனியா?” என்றான் எவனோ. கூட்டம் சிரித்தது.

அவர் கக்கத்தில் துண்டு, துண்டுக்குள் என் புத்தகம். எனக்குத் தெரிந்தது. நாவல் படிக்கிற மருமகன் என்று மாமனாரிடம் பேர் வாங்கப் பயந்து வாயைத் திறக்கவில்லை. அவ்வளவுதான் காரணம், பெரிதாக ஒன்றுமில்லை. இருபது வருசமாய் மடை அடைத்த ஊர் மண்வெட்டியை அண்ணன் கீழே வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். முடிவுக்குப் பத்துப் பக்கம் முன்னால் ஒரு வைக்கோல் அடையாளம்.

“ஏண்ணே எம் பேரைச் சொல்லலை?”

“நீயா படிச்சே? நாந்தானடா படிச்சேன். போ. கொன்னது ஆருன்னும் சொல்லாத.”

அறுப்பு முடிந்து ஒரு மூட்டை நெல்லை மூக்காயி வீட்டில் கொண்டுபோய் இறக்கினேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அவள் மோர் கொண்டுவந்தாள்.

“நல்லா இருப்பய்யா. அந்தத் தூங்குமூஞ்சி கெடுத்ததுக்கு நீ கொண்டாந்து எறக்குற. ஒம் மனசு ஆருக்கு வரும்?”

மோரைக் குடித்தேன். சொம்பைக் கீழே வைத்தேன். அப்போதும் சொல்லவில்லை.

ஊர் இன்றைக்கும் அண்ணனைத் தூங்குமூஞ்சி அடைக்கலம் என்றுதான் கூப்பிடுகிறது. கூப்பிட்டால் அவரும் ‘என்னப்பா’ என்று திரும்பிப் பார்க்கிறார்.