வெஸ்ட்ரி வாசற்படி

அந்தக் கல்லைக் குப்புறப் போடச் சொன்னது நான்தான். கொத்தனார் தயங்கி இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் போடச் சொன்னேன்.

எங்கள் டவுன்ஷிப் ஆலயம் சிறியது. சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்த, பக்கத்து வடக்குத்து கிராமத்து ஆட்கள் ஆறு பேர், ஷிப்ட் முடிந்த மாலைகளில் வந்து கட்டியது. அவர்களில் ஒருவர் ஆறு பெயரையும் கருங்கல்லில் உளியால் கொத்தி முன்சுவரில் பதித்திருந்தார். வரிகள் கோணல். பின்னாளில் முகப்பை இடித்து மண்டபம் கட்டினோம். அப்போது நான் சபைச் செயலாளர். பர்மனென்ட் வேலை, குவார்ட்டர்ஸ், பட்டப்படிப்பு. பிரதிஷ்டைக்கு வரும் பேராயர் கண்ணில் அந்தக் கோணல் எழுத்து படக் கூடாது என்று நினைத்தேன். பளபளப்பான புதுக் கல்லில் என் பெயர் ஏறியது. பழைய கல், ஆயர் அங்கி மாற்றும் வெஸ்ட்ரி அறைக்குப் படியானது.

அந்தப் பெயர்களைக் கொத்தியவர்தான் ஆலயத்தில் மணியடிப்பவர். ஞாயிறுதோறும் அந்த வாசலில் நுழைவார். படியை மிதிக்காமல் காலை அகல வைத்துத் தாண்டுவார்.

"என்ன பெரியவரே, படி சுடுதா?" என்று ஒருமுறை கேலி செய்தேன்.

"ஆமாங்க" என்றார்.

அவர் இறந்தபோது துக்கம் கேட்கப் போனேன். பேச்சுவாக்கில் அந்தப் படியைப் பற்றி மகளிடம் கேட்டேன்.

"உளி போட்ட கை. ஓரத்தப் பாத்தா தெரியாதுங்களா? அவருக்குத் தெரியாதுன்னு நீங்கதான் நெனச்சிகினு இருந்தீங்க."

அதன்பின் ஆராதனையில் என்னால் உட்கார முடியவில்லை. மின்விசிறியைப் பார்ப்பதுபோல் எழுவேன். செருப்பைத் தேடுவதுபோல் வெளியே போவேன். திருவிருந்து வாங்க முன்னே போகாமல் மாதக்கணக்கில் பின்வரிசையிலேயே நின்றேன். கடைசியில் கமிட்டியில் நடந்ததைச் சொன்னேன். என் பெயருள்ள கல்லை எடுத்துவிடக் கேட்டேன். பேராயர் திறந்த கல் என்று மறுத்துவிட்டார்கள். பழையதைப் பெயர்த்து அதன் பக்கத்தில் பதித்தோம். மண்ணைப் பார்த்துக் கிடந்ததால் எழுத்து தேயவில்லை.

மகளை வீடு தேடிப் போய் அழைத்தேன். அதற்குள் அவர்கள் வடலூரில் வேறு சபைக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். ஆனாலும் வந்தார். அப்பா பெயர்மேல் விரல் வைத்துப் பார்த்தார்.

"நல்லாதாங்க இருக்குது. அப்பா உசுரோட இருக்கச்சொல்ல செஞ்சிருக்கலாம்."

மறுபடி இங்கேயே வரும்படி கேட்டேன். வெஸ்ட்ரி வழியாக வெளியேறினார். அங்கே சிமெண்டில் புதுப் படி போட்டிருந்தோம். அதையும் தாண்டித்தான் இறங்கினார்.