பால்மாப் பேணியும் கசற்றும்

தவராஜா அண்ணைக்கு என்மேல் கோபம் வந்தால் வரட்டும், நடந்ததைச் சொல்லத்தான் போகிறேன். டென்மார்க்கில், பிராண்டே என்ற ஊரில் நாங்கள் இருவரும் ஒரே அறை, ஒரே தொழிற்சாலை. குடும்பங்களைக் கூப்பிட நாங்கள் போட்ட விண்ணப்பங்கள் கொப்பன்ஹேகனில் அசையாமல் கிடந்த காலம் அது. மனிசன் கிடைத்த ஓவர்டைம் ஒன்றையும் விடவில்லை. கைக்குழந்தையாக விட்டுவந்த மகளுக்குப் பவுன் சேர்க்க வேண்டுமாம்! ஜேர்மனிக்குப் போகிறவர்களிடம் சொல்லிவிட்டுக் காப்புக் காப்பாக எடுப்பித்து, வெறும் பால்மாத் தகரப் பேணிக்குள் போட்டு வைத்தார்.

நாங்கள் எல்லோரும் ஊருக்குக் கடிதத்துக்குப் பதில் கசற்றில் கதைத்துப் பதிந்து அனுப்புவோம். அண்ணைக்கு அதற்கும் நேரமில்லை, தன்னை ஒரு படம் எடுத்தனுப்பவும் நேரமில்லை. கடதாசித் துண்டில் எழுதித் தந்துவிட்டு வேலைக்கு ஓடுவார்.

"நீயே வாசிச்சு அனுப்பிவிடடா."

நானும் ஒரு மடையன். "சாரங்கிக் குஞ்சு, அப்பா கதைக்கிறன்" என்று எழுதியபடியே வாசித்துத் தொலைத்தேன்.

டெனிஷ் வகுப்பில் ரீச்சர் ஒருநாள் கிரேக்கக் கதை சொன்னார். தொட்டதெல்லாம் பொன்னாக வேண்டுமென்று வரம் வாங்கிய ராசா, கடைசியில் மகளையும் தொட்டுப் பொற்சிலையாக்கிவிட்டுக் கதறுகிறான். "சரியான விசரன்!" என்று அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார்.

எண்பத்தொன்பதில் அண்ணையின் குடும்பத்துக்கு அனுமதி வந்தது! என் பழைய காரில் பில்லுண்ட் விமான நிலையத்துக்குப் பறந்தோம். வழி முழுக்கப் பேணி அவர் மடியில் கிலுகிலுத்தது. கதவு திறந்து அண்ணையின் மனைவி ராசமலரக்கா வந்தா, கையைப் பிடித்தபடி ஆறு வயதுச் சாரங்கி. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

"அண்ணை, அங்க பாருங்கோ, வந்திட்டினம்!" என்று கத்தினேன்.

பிள்ளை என் குரலைக் கேட்டாள். "அப்பா!" என்று ஓடிவந்து என் காலைக் கட்டிப்பிடித்தாள்.

ஐயோ, எனக்கு உயிரே போய்விட்டது. அண்ணை பேணியைத் திறந்து காப்புகளை நீட்டினார். அவள் எனக்குப் பின்னால் ஒளிந்தாள். அவருக்கு வாய் கோணி அழுகை வந்துவிட்டது.

"கசற்றில கதைக்கிறது அப்பாதான் எண்டு அவள் நம்பியிருந்தாள், இல்லையெண்டு சொல்ல எனக்கு மனம் வரேல்லை" என்றா ராசமலரக்கா.

எனக்கு விசர் ஏறியது. "கதையுங்கோ அண்ணை! இப்பவாவது வாயைத் திறந்து கதையுங்கோ!"

கதைத்தார். பின்சீற்றில் அவள் பக்கத்தில் இருந்துகொண்டு பிராண்டே வரும்வரை கதைத்தார். பனி, மாடு, தொழிற்சாலைச் சாப்பாடு, என் குறட்டை. அந்தக் குறட்டையைச் செய்து காட்டியபோது அவள் சிரித்துவிட்டாள். வீடு வர, அவர் தோளில் நித்திரை.

காப்புகளோடு பேணி என் காருக்குள்ளேயே கிடந்தது. மூன்று நாளாகியும் மனிசன் தேடவில்லை. நானே அவர்களின் புது வீட்டுக்குக் கொண்டுபோனேன். கதவைத் திறந்தது சாரங்கி.

என் குரலைக் கேட்டதும் உள்ளே திரும்பிக் கத்தினாள்: "அப்பா! கசற் மாமா வந்திருக்கிறார்!"