உலை கொதிக்கும் வரை

மெர்சியின் அழுகைக்கு நேரக் கட்டுப்பாடு உண்டென்று கல்யாணத்துக்கு முன்னால் யாரும் எனக்குச் சொல்லவில்லை. பெண் பார்க்கப் போனபோது படிப்பு, சபை, சம்பளம் எல்லாம் பேசினார்கள். இதை மட்டும் விட்டுவிட்டார்கள்.

பென்னலூரில் அவள் அம்மா சந்திரம்மாள் வைத்த சட்டம் அது. ஐந்து பிள்ளைகள், ஒரே அறை. தினமும் யாராவது ஒருத்தர் எதற்காவது அழுவார்கள். சந்திரம்மாள் சமாதானமும் செய்ய மாட்டார், அதட்டவும் மாட்டார். அடுப்பில் உலையை வைத்துவிட்டு, "கொதிக்கிற வரிக்கும் நல்லா அழு. அரிசி போட்டதும் மூஞ்சி கழுவிகினு வா" என்பார். அழுது முடித்தவருக்குத்தான் முதல் தட்டு. "அழுதுட்டு துன்னா வெறும் ரசம்கூட இன்னா ருசி தெரியுமா!" என்று மெர்சி இன்றைக்கும் சப்புக்கொட்டுவாள். அவள் அப்பா இறந்து, வீட்டில் மறுபடி உலை வைத்த அன்று மட்டும் சந்திரம்மாள் அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்துவிட்டாராம். அன்றைக்கு மத்தியானச் சோறு சாயங்காலம்தான் வெந்தது.

நான் வளர்ந்தது வேறு மாதிரி. ஒற்றைப் பிள்ளை. மூக்கை உறிஞ்சினாலே தெருவே மிட்டாயோடு ஓடிவரும். இன்றும் என் வேலையிடத்துச் சூப்பர்வைசர் ஒரு வார்த்தை கடிந்து சொன்னால் எனக்குச் சாப்பாடு இறங்காது. வெட்கமாகத்தான் இருக்கிறது.

மெர்சிக்கு ஒரகடத்தில் ஒரு கிடங்கில் பேக்கிங் வேலை. சரக்கை அடுக்கோடு தூக்கிப் போகும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்ட வேண்டும் என்பது அவளுடைய ஆசை. ஷிப்ட் முடிந்த பிறகும் நின்று பழகினாள். போன வெள்ளிக்கிழமை டெஸ்ட். ரிவர்ஸ் எடுக்கும்போது வண்டி தூணில் உரசி, மேலே இருந்த பெட்டிகள் சரிந்துவிட்டன. நின்றவர்கள் கைதட்டிச் சிரித்தார்களாம். "வேணும்னா திங்கக்கிழமை இன்னொரு தபா ஓட்டிக் காட்டு. இல்லன்னா பேக்கிங்கே போதும்" என்று சொல்லிவிட்டார் அவளுடைய சூப்பர்வைசர்.

போனில் இதைக் கேட்டதும், அவள் வந்து சமைக்க வேண்டாமே என்று பிரியாணி வாங்கி வைத்தேன். பொறுப்பான புருஷன் என்று எனக்கு நினைப்பு.

கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவள் பொட்டலத்தைப் பார்த்தாள். காலியாகக் கிடந்த அடுப்பைப் பார்த்தாள்.

"இன்னாங்க, சோறு வைக்கலியா?"

"பிரியாணி கீதே மெர்சி, அத்த துன்னலாம்."

"அப்போ நான் எவ்ளோ நேரம் அழறது?"

ஓடிப்போய்ப் பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தேன். அவள் சுவரோரம் உட்கார்ந்து, கூச்சமே இல்லாமல் ஓவென்று அழத் தொடங்கினாள். என்னால் தாங்க முடியவில்லை. சந்திரம்மாள் விறகை இழுத்த கதை ஞாபகம் வந்தது. சத்தம் காட்டாமல் அடுப்பை சிம்மில் வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் விசும்பல் நின்றது. "இன்னுமா கொதிக்கல?" என்றபடி எழுந்து வந்தாள். குனிந்து தீயைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஈர முகத்தோடு சிரித்துவிட்டாள்.

"எங்கப்பா போனதுக்குத்தாங்க எங்கம்மா கட்டைய இழுத்தாங்க. இது நாலு பொட்டி சரிஞ்சதுக்கு."

அடுப்பைத் திருகி முழுத் தீயில் வைத்தாள்.

"திங்கக்கிழமை அந்தத் தூண நான் பாத்துக்கிறேன். நீங்க மொதல்ல கண்ணத் தொடைங்க, அரிசி போடணும்."