மேகம் கட்டினால் ராஜினாமா

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி மாஸ்டர் வெயில் காலத்தில் தங்கமான மனிதர். வானம் மூடிக்கொண்டால் போதும், தரையில் போட்ட மீன். வீட்டில் அலமாரியை இடம் மாற்றுவார்; பிடிக்காமல் மறுபடி மாற்றுவார். காரில் உட்கார்ந்தால், அவர் பக்கத்து பிரேக்கைக் கால் தானாகப் போய் மிதிக்கும். காலியான சாலையில் வண்டி நின்று நின்று போகும். பழக வந்தவர்கள் இன்ஜினுக்கு விக்கல் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இந்த அவஸ்தைக்கு அவர் வைத்திருந்த பெயர் தத்துவம். ‘எல்லாம் எதுக்கு?’ என்று தோன்றும். உடனே முதலாளியம்மாவிடம் போய் வேலையை விடுவதாக அறிவிப்பார். அந்த அம்மா ஊர் உலகம் பார்த்தவர். வெயில் வரட்டும், பேசிக்கொள்ளலாம் என்று அனுப்பிவிடுவார். வெயில் வரும், ராஜினாமா வந்த வழியே போகும்.

இந்த முறை முதலாளியம்மாவின் நாற்காலியில் அந்த அம்மாவுடைய மருமகன் இருந்தார். சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்ளும் கெட்ட பழக்கம் உள்ளவர். கைகுலுக்கி, வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்.

வீட்டில் அலமாரி பார்க்காத சுவர் பாக்கியில்லை. மனைவி அவரை டாக்டரிடம் இழுத்துப் போனார். வெளிச்சம் குறைகிற மாதங்களில் சிலருக்கு மனசு இப்படிப் படுத்தும், வைத்தியம் உண்டு, காலையில் வெளியே நடக்க வேண்டும், தொடர்ந்து வந்து பேச வேண்டும் என்றார் டாக்டர். மாஸ்டருக்கு மானமே போயிற்று. இத்தனை வருடத் தத்துவத்தை வியாதி என்றுவிட்டாரே!

“அப்போ நான் யோசிச்சதெல்லாம்?” என்றார் வெளியே வந்து.

“வாழ்க்கை எதுக்குன்னு வெயில் காலத்துல ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?” என்றார் மனைவி.

யோசித்துப் பார்த்தார். கேட்டதில்லை.

மறுநாள் வெயிலுக்குக் காத்திராமல், தூறலோடு தூறலாகப் போய் மருமகன் முன் நின்றார்.

“தம்பி, எனக்கு மனசு சரியில்ல. டாக்டர்கிட்ட போயிட்டிருக்கேன். வேலை வேணும்.”

“இந்த நிலைமைல உங்களை எப்படிங்க வண்டில ஏத்துறது?”

“ஏத்தாதீங்க. வானம் தெளியற வரைக்கும் வகுப்புல பாடம் எடுக்கறேன்.”

மருமகன் இதையும் சொன்னபடியே எடுத்துக்கொண்டார். சாலைக் குறிகள் பாடம் உடனே ஆரம்பமாயிற்று. மாஸ்டருக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. சுவருக்குச் சுவர் நடந்தபடியே நடத்தினார். வழக்கமாகத் தூங்கும் வகுப்பு அன்று தூங்கவில்லை. பார்த்தவர்களுக்குக் கழுத்து வலிதான் மிச்சம்.