இரண்டு பாங்குக்கு நடுவே ஒரு மௌலவி

மார்க்கத் தீர்ப்புச் சொல்வதும் ஒரு தொழில்தான். நோன்பு மாதம் வந்தால் அதில் பசியைவிட வயிற்றெரிச்சல்தான் கூடுதல். எதிர்ப்பக்கம் புதுக்கடை திறந்து, தங்கள் வாடிக்கையாளர் அங்கே நுழைவதைப் பார்த்து நின்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காத்தான்குடியில் எங்கள் தெருவில் நோன்பைப் பற்றி யாருக்குச் சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். எனக்கிருந்த ஒரே மதிப்பு அது. சுனாமிக்குப் பிறகு அடுத்த தெருவில் புதுப் பள்ளிவாசல் கட்டி, மதீனாவில் படித்த இளம் மௌலவி ஒருவரைக் கொண்டுவந்தார்கள். அன்றிலிருந்து அந்த மதிப்பு கையைவிட்டுப் போகத் தொடங்கியது.

பேணுதல்

சூரியன் மறைந்தது உறுதியாகட்டும் என்று எங்கள் பள்ளிவாசலில் சில நிமிடம் பொறுத்தே, நோன்பு திறக்கவும் தொழவும் அழைக்கும் பாங்கைச் சொல்வோம். பேணுதல் என்போம் அதை. புது மௌலவியோ, மறைந்த கையோடு நோன்பு திறப்பதுதான் நபிவழி, தாமதிக்கக் கூடாது என்று உடனே பாங்கு சொல்லிவிடுவார். அவர் சொல்வது மார்க்கக் கிதாபில் உள்ளதுதான். அதனாலேயே எனக்கு எரிச்சல் கூடியது.

ஒருநாள் எங்கள் பாங்குக்கு முன்பே துணிக்கடைக்காரர் வாயைத் துடைத்துக்கொண்டு தொழ வந்தார். நோன்பு திறந்துவிட்டீர்களா என்று கேட்டேன். கொஞ்சமும் கூச்சப்படவில்லை.

“நோன்பு அவருட பாங்குக்கு, தொழுக ஒங்களுக்குப் பின்னால. ரெண்டு பேரையும் கோவிக்க வெக்காம நடந்துக்கிறன் ஹஸ்ரத்.”

மேகம்

தோணிக்காரர் ஒருவர் வந்தார். வாவி நடுவில் மழை மேகம் கட்டி இருட்டிவிட, பொழுது பட்டதென்று நினைத்துத் தண்ணீர் குடித்துவிட்டாராம். பிறகு மேகம் கலைந்து பார்த்தால் சூரியன் மேற்கே நிற்கிறது. அந்த நோன்பு சேராது, பெருநாளைக்குப் பிறகு ஈடாக ஒன்று பிடித்துக் கழா செய்யுங்கள் என்றேன். முகம் வாடிப்போனார்.

நேரே அடுத்த தெருவுக்குப் போனார். அங்கேயும் அதே தீர்ப்புதான். ஆனால் மறுநாள் அவர் வாயில் புது மௌலவியின் புகழ்தான். நான் சொன்னதைத்தானே அவரும் சொன்னார் என்று கேட்டேன்.

“ஓம், சட்டம் ஒண்டுதான் ஹஸ்ரத். அவர் சொல்லக்குள்ள நோகல்ல.”

செக்பொயின்ட்

சண்டை கடுமையாக நடந்த காலம். கொழும்பிலிருந்து வந்த பஸ்ஸைச் சோதனைச் சாவடியில் ராணுவத்தினர் மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். வரிசையில் எனக்கு முன்னால் புது மௌலவி. பொழுது பட்டது. என் பை பஸ்ஸுக்குள். அவர் சட்டைப் பையிலிருந்து ஈச்சம்பழம் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். திறக்க ஒன்றுமில்லாதவன் தாமதித்தால் குற்றமில்லை. கையில் வந்த பிறகு தாமதிப்பது சரியில்லை. இது தெரிந்தும், அவரிடம் வாங்க மனம் வரவில்லை. மூத்தவர் நீங்கள் தொடங்குங்கள் என்று அவரும் தின்னாமல் நின்றார். பின்னால் நின்ற களுவாஞ்சிக்குடி வாத்தியார்தான் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

“முதல் தண்ணியக் குடிங்க. பழத்த யார் தின்னுறதெண்டு மறுகா கதைச்சி முடிவெடுங்க.”

வீட்டுக் கேள்வி

இது புது மௌலவி வந்த முதல் நோன்பிலேயே நடந்தது. எழுதுவதா விடுவதா என்று யோசித்துக் கடைசியில் வைத்தேன்.

என் மனைவி சுண்டு என்ற சிறு படியால் அரிசி அளந்து தனியே கட்டிக்கொண்டிருந்தா. என்னவென்று கேட்டேன். சுனாமிக்கு முந்திய நோன்பில் பால்குடிப் பிள்ளைக்காக விட்ட நோன்புகளுக்குப் பித்யாவாம், ஏழைகளுக்குக் கொடுக்கும் பரிகார அரிசி. அடுத்த மாதம் கடல் வந்தது. பிறகு முகாம், பிள்ளைக்குக் காய்ச்சல். கழா செய்ய முடியாமலே அடுத்த நோன்பு வந்துவிட்டது. தக்க காரணத்தால் பிந்தியதற்குத் தனியாக அரிசி இல்லை, பிள்ளைக்காக விட்டதற்கு உண்டு, நோன்புகளையும் பிடிக்க வேண்டும். எல்லாம் சரியாகத் தெரிந்து வைத்திருந்தா.

யார் சொன்னது என்று கேட்டேன். புது மௌலவியின் பெண்சாதி வழியாக அவரிடம் கேட்டாவாம். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஒரே கூரைக்குள் ஒரு மௌலவி இருப்பது ஞாபகம் வரவில்லையா என்று கேட்டேன். அவ அளப்பதை நிறுத்தவில்லை.

“ஒங்களுட்டக் கேட்டா, ஏன் இவ்வளவு நாளும் புடிக்கல்லண்டுதான் முதல்ல கேப்பீங்க. அவர், புள்ளைக்கு இப்ப சொகமாண்டு கேட்டாராம்.”

அவர் தீர்ப்பில் ஒரு பிழையாவது கிடைக்காதா என்று அன்றிரவு என் கிதாபுகளையெல்லாம் புரட்டினேன். பாவி மனுசன், ஒன்றுகூட விடவில்லை.