கலண்டர் தாளில் எழுதிய பாட்டு

என் கணவர் வள்ளங்களுக்குப் பெயரும் இலக்கமும் எழுதுபவர். மயிலிட்டித் துறைமுகத்துக்குப் போனால் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவருடைய எழுத்துத்தான். அவர் வெங்காயப் பயிர் செய்கிற சைவக் குடும்பத்தில் பிறந்தவர். நான் மானிப்பாயில், பியானோ இருந்த ஒரு கிறிஸ்தவ வீட்டில் வளர்ந்தவள். எங்கள் கல்யாணம் என் சொந்தக்காரருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. எங்கள் தேவாலயக் கொண்டாட்டங்களுக்கு அவரும் என்னோடு வருவார். எல்லோரும் மரியாதையாகச் சிரிப்பார்கள். பிறகு அவரைக் கடைசி வரிசை வாங்கில் இருக்க விட்டுவிட்டுப் பாட்டுகளைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிடுவார்கள்.

பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாள்கணக்கில் வரிசையில் நின்ற அந்த வருடம், எனக்குப் பியானோ படிப்பித்த ரீச்சருக்கு எண்பது வயது நிறைந்தது. ஞாயிறு ஆராதனை முடிய மண்டபத்தில் சின்னதாக ஒரு கொண்டாட்டம் வைக்க ஒழுங்கு செய்தோம். ரீச்சர் ஒரே ஒரு நிபந்தனை போட்டா. தான் இளவயதில் பாடிய ஓர் ஆங்கிலப் பாட்டைத் தானே பாடவேண்டும், நான் பியானோ வாசிக்கவேண்டும்.

அந்தப் பாட்டின் அச்சுத் தாள்கள் மிஷன்காரர் காலத்தில் கப்பலில் வந்தவை. முகப்புப் படத்தில், சாளரத்தருகே கடலைப் பார்த்தபடி ஒரு பெண் இருந்தாள். தூரதேசம் போன ஒருவன், வீட்டு வாசல் இன்னும் தனக்காகத் திறந்திருக்கிறதா என்று கேட்டுப் பாடுகிற பாட்டு. அந்தக் காலத்தில் பியானோ இருந்த வீடெல்லாம் அதைப் பாடி அழுததாம்.

ரீச்சர் தாள்களை மேசையில் பரப்பியபோதே எனக்கு நம்பிக்கை போய்விட்டது. தொட்ட இடம் பொரிந்து உதிர்ந்தது. பியானோவில் நிறுத்திவைத்து வாசிக்க முடியாது. கைபேசியில் படம் எடுத்தேன். பழுப்பேறிய தாளில் கோடு எது, கறை எது என்று தெரியவில்லை. அச்சடிக்கலாம் என்றால் கடையில் தாளும் இல்லை, மின்சாரமும் இல்லை.

இதை வீட்டில் வந்து சொன்னேன். அந்த நாட்களில் எண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்ததால் என் கணவருக்கும் வேலை இல்லை.

"உதிலை என்ன எழுதியிருக்கெண்டு எனக்குத் தெரியாது," என்றார். "ஆனால் எப்பிடி இருக்கெண்டு கண்ணுக்குத் தெரியும்தானே. அப்பிடியே எழுதித் தாறன்."

நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பை நினைக்க இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

தாளுக்கு அவரே வழி கண்டுபிடித்தார். சுவரில் கிடந்த பழைய கலண்டர்களைக் கழற்றி, வெறுமையான பின்பக்கத்தை எடுத்துக்கொண்டார். தினமும் மத்தியானம் சாப்பிட்டதும் சைக்கிளில் ரீச்சர் வீட்டுக்குப் போனார். முதலில் ஐந்தைந்தாகக் கோடு இழுத்தார். பிறகு ஒவ்வொரு ஸ்வரத்தையும், அதன் வாலையும் வளைவையும், கீழே ஆங்கில வரிகளையும் மெல்லிய தூரிகையால் எழுதினார். தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தால் ஆறிப்போகும்வரை திரும்பிப் பார்க்கமாட்டார் என்று ரீச்சர் என்னிடம் சொன்னா.

முதல் தாள் முடிந்ததும் வீட்டில் என் பியானோவில் வாசித்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக வந்துகொண்டிருந்தது. மூன்றாவது வரியில் மட்டும் காதைக் கிழிக்கிற மாதிரி ஒரு ஸ்வரம். பிழை என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. இருந்ததைத்தான் எழுதினேன் என்று நின்றார். மறுநாள் இருவருமாகப் போய், ரீச்சரின் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தோம். அது ஸ்வரம் இல்லை. எந்தக் காலத்திலோ ஓர் ஈ இருந்துவிட்டுப் போன அடையாளம். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. ரீச்சர்தான் அவருடைய தோளில் தட்டினா.

"தம்பி, ஈ இருந்த இடத்தைக்கூட விடாமல் எழுதியிருக்கிறீர். இனி எனக்குப் பயமில்லை."

பிளேட்டால் மெதுவாகச் சுரண்டி அந்தப் புள்ளியை எடுத்தார். அதற்குப் பிறகு எழுதிய ஐந்து தாளிலும் ஒரு பிழைகூட இல்லை.

மாலையில் நான் பழகும்போது கதிரையைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, தான் எழுதியதையும் என் விரல்களையும் மாறி மாறிப் பார்ப்பார். ஒன்றும் கேட்கமாட்டார். நானும் விளக்கவில்லை.

கொண்டாட்டத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. கலண்டர் தாள்கள் பெரியவை. ஒன்று முடிய எடுத்து, அடுத்ததைக் காட்ட ஓர் ஆள் வேண்டும். ஸ்வரம் வாசிக்கத் தெரிந்த உறவினர் ஒருவர் எழும்பினார். ரீச்சர் அவரை இருக்கச் சொல்லிவிட்டு, கடைசி வாங்கைப் பார்த்து, எழுதினவரே வரட்டும் என்றா. என் கணவர் முன்னுக்கு வந்தார். நான் தலை அசைக்கும்போது தாளை எடுங்கள் என்று காதுக்குள் சொன்னேன்.

ரீச்சரின் குரல் மெலிந்திருந்தது. சுருதி மட்டும் விலகவில்லை. இரண்டாம் சரணத்தில், வாசலைப் பற்றிய வரி வந்ததும் பாட்டை நன்றாக இழுத்துப் பாடத் தொடங்கினா. மண்டபத்தில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிள்ளைகளைக் கனடாவுக்கும் லண்டனுக்கும் அனுப்பிவிட்டு இருப்பவர்கள்தானே அங்கே முக்கால்வாசிப் பேர். நானும் ரீச்சரின் முகத்தையே பார்த்து வாசித்ததில், தலை அசைக்க மறந்துபோனேன். திடுக்கிட்டுத் திரும்பினால் தாள் ஏற்கெனவே மாறியிருந்தது. அடுத்ததும் அப்படித்தான். கடைசிவரை நான் தலை அசைக்கவேயில்லை. அவர் ஓர் இடத்திலும் பிந்தவில்லை, முந்தவுமில்லை.

கைதட்டல் ஓய்ந்ததும், தாள் மாற்ற எழும்பிய அந்த உறவினர் வந்து, எப்போது பியானோ படித்தீர்கள் என்று அவரைக் கேட்டார்.

"நான் படிக்கேல்லை," என்றார் என் கணவர். "கறுப்பு முட்டை மாதிரி ஸ்வரம் வந்தால் இவவின்ரை கை ஓடும். வெள்ளை முட்டை வந்தால் பொறுத்து நிக்கும். ஒவ்வொரு தாளிலையும் எது எங்கை கிடக்கெண்டு எனக்குத் தெரியும், நான்தானே எழுதினனான்."

உறவினர் தாள்களைக் கையில் வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். மற்றவர்களும் வந்து கூடினார்கள். ஒருவர் தாளைத் திருப்பி, பின்னால் இருந்த சாமிப் படத்தைக் கண்டு சிரித்துவிட்டு, மறுபடியும் எழுத்துப் பக்கத்துக்கே திருப்பினார். நான் பியானோவை மூடாமல் அப்படியே இருந்தேன். இவர் என் மனிசன் என்று யாருக்காவது எழும்பிச் சொல்லவேண்டும் போல இருந்தது. அங்கே இருந்த எல்லோருக்கும் அது தெரியும் என்பதால் சும்மா இருந்தேன்.

அந்த ஆறு தாள்களும் இப்போது ரீச்சரின் பியானோவில்தான் இருக்கின்றன. அச்சை விட இது கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறது என்று சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டா. கடைகளுக்குத் தாள் வரத் தொடங்கியதும் என் கணவர் எனக்கென்று இன்னொரு பிரதி எழுதினார், நல்ல தடித்த தாளில். தலைப்பை மட்டும் வள்ளத்துக்கு எழுதுகிற மாதிரி, நீலத்தில், நிழல் விழுத்தி எழுதியிருக்கிறார். யார் வீட்டுக்கு வந்தாலும் முதலில் அதைத்தான் காட்டுகிறேன்.