மெல்லிய உடையில் இறங்கிய நாள்

அந்த மாசி மாதக் காலையில், தர்மபுரியில் எங்கள் வாடகை வீட்டின் உள்ளறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு ஐந்து மில்லிமீட்டர் தடிமனுள்ள வெட்சூட் என்ற ரப்பர் முக்குளிப்பு உடைக்குள் நுழையப் போராடிக்கொண்டிருந்தேன். குழந்தை பிறந்து ஒன்றேகால் வருடம் ஆகியிருந்தது. நான் தண்ணீருக்குள் இறங்கி இரண்டு வருடம். கால்கள் நுழைந்தன. இடுப்பும் ஒருவழியாக நுழைந்தது. முதுகு ஜிப்பை அதன் நீள நாடாவைப் பிடித்து இழுத்தபோது பாதியில் நின்றுவிட்டது. மூச்சை அடக்கிக்கொண்டு மறுபடி இழுத்தேன், ஏறியது. மூச்சை விட்ட பிறகுதான் தெரிந்தது, திரும்ப இழுப்பதற்கு நெஞ்சில் இடமில்லை. யாரோ பின்னாலிருந்து இரண்டு கைகளாலும் என்னை இறுக்குவதுபோல் இருந்தது. கண் இருட்டியது. பதறிப்போய் ஜிப்பை இறக்கிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன்.

"என்ன, சரியா இருக்குதா?" என்று வெளியிலிருந்து கணவர் கேட்டார்.

"இருக்குதுங்க," என்றேன்.

ஏன் பொய் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். எங்கள் இருவருக்கும் தொழில் முக்குளிப்பதுதான். பாலத் தூண்களின் அடியைப் பார்ப்பது, கிணற்றில் விழுந்த மோட்டாரை எடுப்பது, குடிநீர்க் குழாய்களின் வாயில் அடைத்ததை அகற்றுவது. கடற்கரை ஊர் ஒன்றில் பயிற்சி எடுத்தபோதுதான் நாங்கள் சந்தித்தோம். எனக்குப் பிள்ளைப்பேறு ஆன வருடத்தில் அவருடைய வலது காதின் சவ்வு கிழிந்துவிட்டது. இனிமேல் ஆழத்துக்குப் போகவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இனி அவர் மேலே நின்று கயிறு பிடிக்க வேண்டும், நான் இறங்க வேண்டும். வெகுநாள் கழித்து வந்த முதல் வேலையன்றே உடை பற்றவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என்னிடம் இருந்தவை இரண்டு உடைகள். கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடும் ஐந்து மில்லி ஒன்று. அரைக்கையோடு முழங்காலுக்கு மேலேயே முடிந்துவிடும் மூன்று மில்லி ஒன்று. இந்த ரப்பர் உடைகள் தண்ணீரை வெளியே நிறுத்துவதில்லை. உள்ளே கொஞ்சம் தண்ணீர் புகும். அது தோலுக்கும் ரப்பருக்கும் நடுவே அசையாமல் நின்று நம் உடம்புச் சூட்டிலேயே வெதுவெதுப்பாகும். தடிமன் கூடக்கூடச் சூடு வெளியேறுவது குறையும். கைகால் திறந்திருந்தால் அந்த வழியாகவே உடம்பு ஆறிப்போகும். பயிற்சியில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்த பாடம் இது.

ஆனால் பையில் நான் எடுத்து வைத்தது மூன்று மில்லியை.

ஏரியூரைத் தாண்டி, மேட்டூர் அணையின் தண்ணீர் தேங்கி நிற்கும் காவிரிக் கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. சில கிராமங்களுக்குக் குடிநீர் எடுக்கும் குழாயின் வாய் ஆற்றுக்குள் நாற்பதடி ஆழத்தில் இருந்தது. அதன் இரும்புச் சல்லடை அடைத்துப்போய், நான்கு நாளாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை. நான் கீழே இருக்கும்போது யாரும் மோட்டாரை ஓட்டிவிடாமலிருக்க அதன் ஃபியூஸைப் பிடுங்கிக் கணவர் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு நான் பையிலிருந்து எடுத்த உடையைப் பார்த்தார்.

"அஞ்சு மில்லி எங்க?"

"இந்த வெயில்ல அதப் போட்டா மேலயே மயங்கி விழுந்துருவேனுங்க. இதே போதும்."

"அடித்தண்ணி சில்லுன்னு இருக்கும். மணிக்கணக்குல வேலை இருக்குது."

"நம்மூருத் தண்ணிதானுங்களே. கடலா?"

எங்களைப் பரிசலில் ஏற்றிக்கொண்டவர் சிரித்தார். ஐம்பது வயதிருக்கும், அந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்தவர். "பாப்பா சொல்றது சரிதானுங்க. பாறை மேல கால வெக்க முடியல, அப்புடிப் பொளக்குது. இதுல கம்பளிச் சட்ட எதுக்குங்க?" என்றார். கணவர் கயிற்றைப் பிரிக்கத் தொடங்கினார். அவர் வற்புறுத்தியிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது. அன்று அவர் வற்புறுத்தாததில் எனக்கு நிம்மதி.

இடுப்பில் கயிற்றைக் கட்டினார். ஒருமுறை இழுத்தால் நன்றாக இருக்கிறேன், இரண்டுமுறை என்றால் கயிறு விடு, நான்குமுறை என்றால் மேலே தூக்கு. மூன்றையும் என்னைச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

முதலில் சுகமாகத்தான் இருந்தது. வெயிலில் வெந்திருந்த உடம்புக்கு மேல்தண்ணீர் இதமாக இருந்தது. இருபதடி தாண்டியதும் ஒரு கோடு போட்டாற்போலத் தண்ணீர் மாறியது. முகமூடிக்கு வெளியே இருந்த நெற்றி சுரீரென்றது. அடியில் வெளிச்சமே இல்லை. டார்ச் வெளிச்சத்தில் பழுப்பு நிறம் தவிர ஒன்றும் தெரியவில்லை. மணிக்கட்டிலிருந்த கருவி இருபத்து நான்கு டிகிரி என்றது. வீட்டில் அது மின்விசிறி கூட வேண்டாத குளுமை. தண்ணீருக்குள் அப்படியல்ல. காற்றைவிடப் பலமடங்கு வேகமாகத் தண்ணீர் உடம்பின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும்.

சல்லடையைத் தடவிப் பார்த்தேன். மீன்வலை, புடவைத் துணி, ஃப்ளெக்ஸ் பேனர், ஆகாயத்தாமரை வேர் எல்லாம் திரித்த கயிறாக அதைச் சுற்றியிருந்தன. கத்தியால் அறுத்து அறுத்துச் சாக்கில் அடைத்தேன். ஒரே இடத்தில் நின்று செய்யும் வேலை அது. நீந்தினாலாவது கொஞ்சம் சூடு பிறக்கும்.

அரைமணி நேரத்தில் தொடைகள் நடுங்க ஆரம்பித்தன. இன்னும் கொஞ்சம், இந்தப் பக்கம் முடித்துவிட்டு ஏறிவிடலாம் என்று நினைத்தேன். மேலிருந்து கயிறு ஒருமுறை இழுபட்டது. நானும் ஒருமுறை இழுத்தேன். அதுவும் பொய்தான்.

அதன்பிறகு நடுக்கம் தொடையிலிருந்து முதுகுக்கு ஏறியது. தாடை கடகடவென்று அடித்துக்கொண்டதில் முதுகுச் சிலிண்டரிலிருந்து மூச்சுக்காற்று தரும், வாயில் கவ்வியிருந்த ரெகுலேட்டர் நழுவியது. பல்லால் அதை இறுக்கிப் பிடிப்பதே தனி வேலையாகிவிட்டது. கத்தி கையில் இருக்கிறதா என்று பார்க்க விரல்களை மடக்கினேன். மடங்கியதா என்று எனக்குத் தெரியவில்லை. டார்ச்சைத் திருப்பிப் பார்த்தேன், கை காலியாக இருந்தது. கத்தி எப்போது விழுந்தது என்றே தெரியாது.

போதும், ஏறிவிடலாம் என்று காலை உதைத்தேன். வலது கால் வரவில்லை. நீந்துவதற்குக் காலில் மாட்டும் துடுப்பான ஃபின்னின் வாரில் வலை மாட்டியிருந்தது.

இருட்டு எனக்குப் பழக்கம். வலையில் மாட்டுவதும் பயிற்சியில் செய்து பார்த்ததுதான். நின்று, மூச்சை நிதானித்து, தொட்டுப் பார்த்து, விடுவித்துக்கொள்ள வேண்டும். ஆனால் அன்று என் கைகள் என்னுடையவையாக இல்லை. வாரைத் தேடிப் போன விரல்கள் மரக்கட்டைகளைப்போல் மோதித் திரும்பின. மூச்சு தாறுமாறாக ஓடியது. குழந்தைக்கு மதியம் யார் சோறு ஊட்டுவார்கள் என்று ஓர் எண்ணம். என் நாத்தனார்தான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அதைக்கூட மறந்திருந்தேன். கயிற்றைப் பிடித்தேன். தூக்கு என்பதற்கு எத்தனைமுறை இழுக்க வேண்டும்? இரண்டா, நான்கா? ஆயிரம்முறை பழகிய எண்ணிக்கை மனதிலிருந்து அழிந்துபோயிருந்தது. பயத்தில் கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தேன்.

மேலே அவர் புரிந்துகொண்டு தூக்க ஆரம்பித்தார். இடுப்பு மேலே போனது, கால் கீழேயே நின்றது. வலை இன்னும் இறுகியது. இடுப்பெலும்பு கழன்றுவிடும்போல் வலித்தது. இனி இங்கேயேதான் என்று ஒரு கணம் முடிவே செய்துவிட்டேன்.

என்னைக் காப்பாற்றியது அறிவு இல்லை. வலித்த காலை இடது குதிகாலால் வெறிபிடித்தாற்போல் உதைத்தேன். ஐந்தாவதோ ஆறாவதோ உதையில் வார் குதிகாலை விட்டு நழுவியது. ஃபின் வலையோடு தங்கிவிட, கால் உருவிக்கொண்டு வந்தது. ஏறும்போது மூச்சை அடக்கினால் நுரையீரல் கிழிந்துவிடும். மூச்சை அடக்காதே, விடு, விடு என்று மட்டும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு மேலே போனேன்.

பரிசலுக்குள் என்னை இழுத்துப் போட்டார்கள். தலைக்கு மேலே உச்சிவெயில். என் உடம்பு அந்த வெயிலிலும் தூக்கித் தூக்கிப் போட்டது. கணவர் ஏதோ கேட்டார். பதில் சொல்ல முயன்றேன், நாக்கு குழறியது.

"ஐயோ, உதடெல்லாம் நீலம் பூத்துக் கெடக்குதுங்க," என்றார் பரிசல்காரர். இரண்டே துடுப்பில் கரையைத் தொட்டது மாதிரி இருந்தது எனக்கு.

அவருடைய வீடு கரையை ஒட்டியே இருந்தது. அவர் மனைவி ஓடிவந்து ஈர உடையை உருவி எடுத்தார், பழம்புடவையால் துவட்டினார், இரண்டு போர்வைகளைச் சுற்றினார். "வெயில்ல இப்புடி வெறைக்குதே, காய்ச்சலா?" என்று என் கழுத்தைத் தொட்டவர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். "ஆத்தாடி! பாறைக்குள்ள இருந்து எடுத்தாப்ல இருக்குதே உடம்பு!" வெல்லம் போட்ட ராகிக் கூழைச் சூடாக டம்ளரில் ஊற்றிக்கொடுத்தார். டம்ளரைப் பிடிக்க எனக்குக் கை வரவில்லை. அவரே ஊட்டினார். பாதி போர்வையில் சிந்தியது.

நடுக்கம் அடங்க ஒருமணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கணவர் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கயிறு உரசி அவர் உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தன.

"அது எனக்குப் பத்தலைங்க," என்றேன்.

"எது?"

"அஞ்சு மில்லி. ஜிப்பு போட்டா மூச்சு விட முடியல. காலைலயே தெரியும்."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம். அவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ இழுத்துக்கிட்டே இருந்த. நானும் இழுத்தேன். வரல. கயித்த விட்டுட்டு நானே குதிச்சரலாம்னு சட்டையக் கழட்டிட்டேன்," என்றார். குதித்திருந்தால் அந்தக் காதோடு அவர் என்ன ஆகியிருப்பார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

கடற்கரை ஊரில் எங்களோடு பயிற்சி எடுத்த ஒரு தோழியிடம் அவர் அன்று மாலையே பேசினார். என் இப்போதைய அளவுக்குப் பொருந்தும் ஐந்து மில்லி முழு உடை, தலைமூடி, கையுறை எல்லாம் மூன்றாம் நாள் பேருந்தில் பார்சலாக வந்து சேர்ந்தன. உள்ளறையில் அவர் எதிரிலேயே போட்டுப் பார்த்தேன். ஆழமாக மூச்சிழுக்கச் சொன்னார், குனியச் சொன்னார், கையைத் தூக்கச் சொன்னார். மறுநாள், வெயில் ஏறுவதற்குள் அதே இடத்தில் இறங்கிவிட அதிகாலையிலேயே கிளம்பினோம்.

அன்று குளிரவில்லை. ஆனாலும் சல்லடையைத் தொட்டதும் என் மூச்சு ஓட ஆரம்பித்தது. நிமிடத்துக்கு ஒருமுறை கட்டைவிரலால் மற்ற நான்கு விரல்களையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். இருபது நிமிடத்தில் எந்தக் காரணமும் இல்லாமல் நான்குமுறை இழுத்தேன். மேலே வந்ததும் அவர் சுடுதண்ணீர் பாட்டிலை நீட்டினார். அப்படி மூன்றுமுறை இறங்கி வேலையை முடித்தேன். பிற்பகலில் மோட்டார் ஓடியது.

சென்ற மாதம் காரிமங்கலம் பக்கம் ஒரு கிணற்றுக்கு அழைத்திருந்தார்கள். எழுபதடிக் கிணறு, அடியில் மோட்டார். உடையை எடுத்து விரித்தபோது அக்குள் தையல் ஒரு சாண் நீளம் பிரிந்திருந்ததைப் பார்த்தேன்.

"இன்னைக்கு எறங்க முடியாதுங்க. நாளைக்கு ஒட்டிக்கிட்டு வர்றோம்," என்றேன்.

கிணற்றின் சொந்தக்காரருக்குக் கோபம். "கெணத்துத் தண்ணி என்ன பனிக்கட்டியாம்மா? எங்க பசங்க டவுசரோட குதிக்கிறானுங்க. அவ்வளவு பயமா?"

"ஆமாங்க. பயமாத்தான் இருக்குது," என்றேன்.

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. கணவர் சிலிண்டர்களை ஒவ்வொன்றாகத் திரும்ப வண்டியில் ஏற்றத் தொடங்கியிருந்தார்.